உஷார்! மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 18 ஆகப்போகிறதா?

உங்கள் வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிறதா? கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள் தாயி. அடுத்த பிறந்தநாள் வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

பதினெட்டு முடிந்த அன்றைக்குக் காலையில் உங்கள் பிள்ளை மாறியிருக்க மாட்டான். அதே சிரிப்பு, அதே பிடிவாதம், சட்டைப் பட்டனோடு அதே மல்லுக்கட்டு. ஆனால் அவனைச் சுற்றி இருந்ததெல்லாம் ஒரே ராத்திரியில் மாறியிருக்கும்.

இலவசக் கல்விக்கான சட்ட உரிமை அன்றோடு முடிகிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டால் "குழந்தை" என்று ஓடி வருகிற ஏற்பாடு முடிகிறது. போக்சோ சட்டத்தின் காவல் முடிகிறது. அவனுக்காக நீங்கள் போட்டுவந்த கையெழுத்தும் செல்லாமல் போகிறது.

ஒன்றே ஒன்று மட்டும் அன்றைக்குத் திறக்கிறது. வெடியாபீஸ் கேட்!

பதினெட்டு நிரம்பாத யாரையும் வெடிபொருள் தொழிலில் வைக்கக் கூடாது என்பது சட்டம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 14 முதல் 18 வரை உள்ள பிள்ளைகளுக்கும் இந்தத் தடை வந்தது. நம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இப்போது கம்பெனி வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஆதாரைப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பிறந்த தேதியை மட்டும்தான் பார்க்கிறார்கள். பிள்ளைக்குக் காது கேட்குமா, ஓட முடியுமா, "தொடாதே" என்றால் புரியுமா என்பதெல்லாம் ஆதாரில் எழுதியிருக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், பிள்ளை பெயரும் வேண்டாம்.

பையனுக்கு லேசான அறிவுசார் குறைபாடு. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் இருந்தான். சிறப்பு ஆசிரியர் வந்து சொல்லிக்கொடுத்தார், வட்டார வள மையத்தில் பயிற்சி, மாசம் பிறந்தால் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வெடியாபீஸ் வேலை. பதினெட்டு முடிந்தது. பள்ளி முடிந்தது, டீச்சர் வருவதும் நின்றது. அம்மா வழக்கம்போலப் பணம் எடுக்க வங்கிக்குப் போனார். "பையன் மேஜர் ஆயிட்டான், இனி நீங்க கையெழுத்துப் போட முடியாது. கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டா! அந்த வார்த்தையைக் கேட்டதுமே அந்த அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை.

பணம் மாசக்கணக்கில் கணக்கிலேயே கிடந்தது. அப்போதுதான் ஒருவர் வந்தார். தூரத்து உறவு, ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை. "நான் எல்லாம் முடிச்சுத் தாரேன் மதினி. அதுவரைக்கும் பையன் சும்மாதான இருக்கான்? அனுப்பிவிடுங்க. டியூப் அடுக்குற வேலைதான், வெடிமருந்துப் பக்கமே விடமாட்டாக." அட்வான்ஸும் கையில் கொடுத்தார். பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுப் போகிற பயமும் அவர்களுக்கு இருந்தது.

கொஞ்ச நாள் டியூப்தான் அடுக்கினான். தீபாவளி நெருங்கியது. ஒரு நாள் ஆள் குறைவு. சொன்னதை எதிர்க்கேள்வி கேட்காமல் செய்கிற பிள்ளை அவன்தானே? மருந்துத் தட்டை எடுத்துவரச் சொன்னார்கள். கனமாக இருந்தது, தரையில் வைத்து இழுத்தான்.

உயிர் பிழைத்தான். இரண்டு கையும் போச்சு. கம்பெனி ரிஜிஸ்டரில் அவன் பெயரே இல்லை. பெயர் இல்லாவிட்டால் ஈஎஸ்ஐ இல்லை, பி.எஃப். இல்லை. "அவன் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டாந்த பையன்" என்றார் கணக்குப்பிள்ளை.

அந்த அம்மாவுக்கு யாராவது ஒருவர் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும். கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம்! அதைக் கீழே சொல்கிறேன். முதலில் ஆபத்து எப்படியெல்லாம் வாசலுக்கு வரும் என்று பாருங்கள்.

"சும்மாதானே இருக்கான்?"

இதுதான் முதல் ஆபத்து. இதைச் சொல்கிறவர் சொந்தமாக இருந்தாலும் உஷாராகிவிடுங்கள். முதலிப்பட்டி 2012 செப்டம்பர் 5. அச்சங்குளம் 2021 பிப்ரவரி 12. செங்கமலப்பட்டி 2024 மே 9. சின்னக்காமன்பட்டி 2025 ஜூலை 1. வெடி விபத்து நடந்த இந்தத் தேதிகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தேதி இருக்கிறது. எல்லாம் தெரிந்த, அனுபவப்பட்ட கைகளே கருகிப்போன இடம் வெடியாபீஸ்.

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறோமே, எதற்கு? ஒன்று நடந்தால் நொடியில் வெளியே ஓடத்தான். கால் வராத பிள்ளை எப்படி ஓடும்? பக்கத்து அறையில் "ஓடு, ஓடு" என்று கத்தினால் காது கேளாத பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துபோகும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். நேற்று தொட்டது ஒன்றும் செய்யவில்லை, இன்று அதே தட்டு வெடிக்கும். காலையில் கலந்த மருந்து வேறு, மிச்சம் கிடந்து ஈரம் கோத்த மருந்து வேறு. உராய்வு, சூடு, இரும்புக் கரண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எச்சரிக்கை. ரூல் மாறிக்கொண்டே இருக்கிற வேலை அது. மாறாத வேலையை அழகாகச் செய்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். மாறுகிற வேலையில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

வீட்டில் வைத்தே செய்யலாம் என்று திரி கொண்டுவந்து கொடுத்தாலும், சரவெடி பின்னச் சொன்னாலும் வாங்காதீர்கள்! லைசென்ஸ் இல்லாத இடத்தில் வெடி செய்வதே குற்றம். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சரவெடியையே தடை செய்துவிட்டது. மறைவாக நடக்கிற வேலைக்கு மறைவான ஆள் தேடுவார்கள். வெளியே போகாத, யாரிடமும் சொல்லத் தெரியாத பிள்ளை இருக்கிற வீடு அவர்களுக்கு ரொம்ப வசதி.

அப்படியானால் பிள்ளை வேலைக்கே போகக் கூடாதா? போகணும்! கண்டிப்பாகப் போகணும். நம் ஊரில் வெடியைத் தவிர வேலையே இல்லை என்று யார் சொன்னது? நோட்டு மடிப்பு, பைண்டிங், காலண்டருக்குத் தகரம் அடிப்பது, லேபிள் எண்ணிக் கட்டுவது என்று அச்சகத்திலேயே எத்தனை வேலை! (கட்டிங் மெஷின் பக்கம் மட்டும் விடாதீர்கள்.) அரசு ஐடிஐயில் விசாரியுங்கள். கல்லூரியில் 5 சதவீத இடமும், அரசு வேலையில் 4 சதவீத இடமும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொடுத்தது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த வேலையானாலும் முதல் நாளே கேளுங்கள்: "ரிஜிஸ்டர்ல பேர் ஏத்தியாச்சா? ஈஎஸ்ஐ நம்பர் என்ன?" மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ சம்பள வரம்பு 25,000 ரூபாய், மற்றவர்களுக்கு 21,000 தான். பதில் சொல்லத் தயங்கினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

"ஆதாரைக் குடுத்து வைங்க, நான் பாத்துக்கிறேன்."

குடுக்காதீங்க!

பதினெட்டு ஆன பிள்ளை பெயரில் கணக்குத் திறக்கலாம், சிம் வாங்கலாம், கடன் வாங்கலாம். அந்தக் கணக்கை மோசடிக் கும்பலுக்கு வாடகைக்கு விடலாம். எங்கோ வடக்கே ஒருவர் ஏமாந்த பணம் உங்கள் பிள்ளை கணக்கு வழியாகப் போயிருக்கும். போலீஸ் தேடி வருவது கணக்கில் உள்ள பெயரை. அவனிடம் விசாரித்தால் அவனுக்கு என்ன சொல்லத் தெரியும்? உங்களுக்குத் தெரியாத ஏடிஎம் கார்டு, புது சிம், வங்கியிலிருந்து கடிதம், இதில் எது கண்ணில் பட்டாலும் அன்றைக்கே வங்கிக்குப் போங்கள். தெரியாத பணம் வந்துபோயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். "மாற்றுத்திறனாளி லோன் வாங்கித் தாரேன், பாதி உனக்கு" என்று வருகிறவரையும் இதே கணக்கில் சேருங்கள்.

சொத்து விஷயம் இன்னும் மோசம். அப்பா கண் மூடியதும் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது, பெரியப்பா பத்திரத்தோடு வருவார். பதினெட்டு ஆனவன்தானே, ஒரு ரேகை போதும் என்பார். விவரம் புரிந்து முடிவெடுக்க முடியாதவர் போட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாதுதான். ஆனால் செல்லாது என்று நிரூபிக்க எத்தனை வருஷம் கோர்ட் படி ஏறணும்? அதுவரை நிலம் யார் கையில் இருக்கும்?

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். ஆண் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு, அதை யாரும் பேசுவதில்லை.

ஒருவர் தேவைக்கு மேல் பாசமாக இருக்கிறாரா? தனியாகக் கடைக்குக் கூட்டிப் போகிறாரா? பிள்ளையிடம் நீங்கள் வாங்கித் தராத மணி, மிட்டாய், போன் இருக்கிறதா? குளிக்க மாட்டேன் என்கிறாளா? பழகிய ஒருவரைக் கண்டதும் ஒதுங்குகிறாளா? சரியாயிருந்த தீட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறதா? 2018-ல் சென்னை அயனாவரத்தில் காது கேளாத ஒரு சிறுமிக்கு நடந்தது நினைவிருக்கும். கைதான 17 பேரும் அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் இயக்கியவர்கள், காவலாளிகள், பிளம்பர்கள் போன்றவர்கள். தினமும் பார்த்துப் பழகிய முகங்கள்!

அவள் சிறுமி, போக்சோ இருந்தது. உங்கள் மகளுக்கு இருபது ஆகிவிட்டதே, யார் கேட்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொள்ளாதீர்கள். உடல் அல்லது மன ரீதியான குறைபாடுள்ள பெண்ணை வன்கொடுமை செய்தால் குறைந்தது பத்து வருஷம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் தனியாகவே இருக்கிறது. நீங்கள் ஸ்டேஷனுக்கு அலையவும் வேண்டாம். பெண் போலீஸ் வீட்டுக்கே வந்து, சிறப்பு ஆசிரியரையோ சைகைமொழி தெரிந்தவரையோ வைத்துக்கொண்டு, வீடியோவில் புகாரைப் பதிய வேண்டும். கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்கும் பேசலாம்.

சரி, இவ்வளவு ஆபத்தா, வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுகிறேன் என்கிறீர்களா?

அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து!

வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுவது, தெருவுக்கு ஓடிவிடுவான் என்று காலில் கயிறு கட்டுவது. எத்தனை வீட்டில் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2001 ஆகஸ்ட் 6. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. விடிவதற்கு முன் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். நம் ஊரில் வீட்டுக்குள் தீப்பெட்டி, திரி, காகிதக் குவியல். இங்கே பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையா?

காப்பகத்தில் சேர்ப்பதும் அப்படித்தான். "எல்லாம் நாங்க பாத்துக்குவோம், நீங்க அடிக்கடி வர வேணாம்" என்று சொல்கிற இடத்தில் விடவே விடாதீர்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமத்தை 2023 பிப்ரவரியில் சோதனை போட்டபோது என்னென்ன வெளியே வந்தது! உரிமம் இல்லாமல் நடந்த இடம். உள்ளே இருந்தவர்கள் காணாமல் போனதாகப் புகார், பாலியல் கொடுமைப் புகார், சிபிசிஐடி விசாரணை. மாற்றுத்திறனாளிகள் துறையில் பதிவு இருக்கிறதா என்று காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணிவை, சரியாயிரும்." சரியாகாது. மறைத்துச் செய்த கல்யாணத்தில் இரண்டு பிள்ளைகள் வாழ்க்கை போகும். மாற்றுத்திறனாளியை மணப்பவருக்கு அரசு எட்டு கிராம் தங்கமும் பணமும் தருகிறது. அதற்காகவே வருகிற மாப்பிள்ளையும் உண்டு.

இப்போது அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்கில் ஒன்று உள்ள பிள்ளைக்குப் பதினெட்டு ஆனபின் பெற்றோரையே சட்டப்படிக் காப்பாளராக நியமிக்கலாம். யார் நியமிப்பது? கோர்ட் இல்லை! கலெக்டர் தலைமையில் மாவட்டத்திலேயே உள்ள உள்ளூர்க் குழு. அதில் ஒரு தொண்டு நிறுவனத்தாரும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருப்பார்கள். அவர்கள் கொடுக்கிற காப்பாளர் சான்றை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அந்த ஒரு சான்று கையில் இருந்திருந்தால் 2,000 ரூபாய் முடங்கியிருக்காது. ஆள் பிடிக்கிறவர் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்.

இது எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியதில்லை, கவனம். கண் தெரியாத, காது கேளாத, நடக்க முடியாத பிள்ளை பதினெட்டில் முழு மேஜர். அவன் கையெழுத்தை அவன்தான் போடணும். பாசத்தில் நீங்களே பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

காப்பாளர் சான்று ஒரு பக்கம் இருக்கட்டும், பதினைந்து வயதிலேயே தொடங்கவேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஆதாரில் கைரேகை, கருவிழியை 15-ல் புதுப்பிக்கணும். தவறினால் எல்லா வாசலிலும் நிற்க வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடியை எடுத்து, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். சின்ன வயதில் வாங்கியது தற்காலிகமாக இருக்கலாம். பதினெட்டில் மறுபடி மருத்துவக் குழு முன் போகணும்.

பெற்றவர்களே, உங்கள் வேலையில் ஈஎஸ்ஐ, பி.எஃப். இருக்கிறதா? வேலை இடத்தில் உங்கள் உயிர் போனால் ஈஎஸ்ஐ சார்ந்தோர் உதவி மகனுக்கு 25 வயதுவரைதான். ஆனால் உழைக்க இயலாத பிள்ளைக்கு அந்த நிலை இருக்கும்வரை வரும். பி.எஃப். பென்ஷனிலும் நிரந்தரமாக முழு ஊனமுள்ள பிள்ளைக்கு ஆயுள்வரை உண்டு. ஆனால் உங்கள் பெயரே ரிஜிஸ்டரில் இல்லாமல், உள்குத்தகைக்காரரிடம் பீஸ் ரேட்டுக்குப் போகிறீர்கள் என்றால் இதில் ஒரு பைசா வராது! ரெண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பெயர் இல்லாத இடத்துக்குப் போகிறோமே, நமக்குப் பின்னால் சோறு போட ஆளில்லாத பிள்ளை வீட்டில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். எனக்கு இதில்தான் ரொம்பக் கோபம் வருகிறது.

வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் உண்டு. தனியாக பஸ் ஏறி இறங்க. பத்து ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரிய. "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்ல. இந்த மூன்றாவதை நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. சொன்னபடி கேட்கிற பிள்ளை என்று பெருமை பேசுகிறோம். மருந்துத் தட்டைத் தூக்கச் சொன்னபோது அந்தப் பையனுக்குத் தெரியாமல் போன வார்த்தை அது.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிப் பக்கம் போனால் ஆய்க்குடி. அங்கே அமர் சேவா சங்கம். கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. அவரோடு தோள் கொடுத்தவர் தசைச் சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் சங்கரராமன். வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி எப்படி இருக்கணும் என்று நேரில் பார்க்க ஒரு நாள் போய் வாருங்கள்.

அதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை. விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதே நாளில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் "உள்ளூர்க் குழு காப்பாளர் விண்ணப்பம் வேணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதே வார்த்தையில் கேளுங்கள், இல்லாவிட்டால் பென்ஷன் பாரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளையின் ஆதார், யுடிஐடி, பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, உங்கள் இருவர் ஆதார், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். வாசலில் நின்று "நான் எழுதித் தாரேன்" என்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். மனுக் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள். எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டிவிட்டு, திரும்ப உங்கள் பைக்குள்ளேயே வையுங்கள்.